அருவிக்கரை யூனிவர்சிட்டி

ஆவுடையப்பனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதுவும் ‘ஆவு’ வரைக்கும் வேகமாகப் போகும். அதற்குப் பிறகு பென்சிலை நக்கிக்கொண்டு யோசிக்க வேண்டும். இப்படிப்பட்ட மனுஷரைத் தேடித்தான், ஆனி மாதம் பிறந்துவிட்டால், கடையத்திலிருந்தும் தென்காசியிலிருந்தும் தகப்பன்மார் குற்றாலத்துக்கு வந்தார்கள். கக்கத்தில் பிள்ளையின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், துண்டில் சுற்றியபடி. பிள்ளை காலேஜில் சேர முடியுமா, முடியாதா? ஆவுடையப்பன் சொல்லவேண்டும். சிரிக்காதீர்கள், அந்தக் காலத்தில் அப்படித்தான் நடந்தது.

அவர் தொழில் எண்ணெய் தேய்ப்பது. ஊர் குத்துக்கல்வலசை. கொஞ்சம் குத்தகை வயல் உண்டு. நாற்றுப் பாவிய கையோடு, நடவை மனைவி பேச்சித்தாய் தலையில் கட்டிவிட்டு, சாரல் விழ ஆரம்பித்ததும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பேரருவிக்குக் கிளம்பிவிடுவார். ‘நாத்து நடச் சொன்னா இடுப்பு வலிக்கும், ஊரான் இடுப்பப் புடிச்சுவிட மட்டும் வலிக்காது’ என்று அவள் வருஷம் தவறாமல் ஏசுவாள். அவரும் வருஷம் தவறாமல் காதில் வாங்கிக்கொள்ளமாட்டார்.

பின்னாளில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு நாற்பத்தேழில், வயல் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போடும்போது அந்த நாட்களைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், கண்ணை மூடிக்கொள்வார். வெயிலும் தூறலும் சேர்ந்தே விழுகிற காலைகள். அருவியின் இரைச்சலில் பக்கத்து ஆளிடம் பேசவே கத்த வேண்டும். நல்லெண்ணெய் வாசம், சீயக்காய் வாசம், ஈரப் பாறையின் வாசம். மங்குஸ்தான் கூடையை ஒருத்தி இறக்கி வைத்தால் நாலு குரங்கு எங்கிருந்தோ வந்து நிற்கும். “அதெல்லாம் ஒரு காலம்வே” என்பார். அந்தக் காலத்தை நினைத்தால் அவருக்கு இனிக்கவும் செய்யும், நெஞ்சில் ஏதோ அடைக்கவும் செய்யும். ஏன் அடைக்கும் என்பதுதான் கதை.

பேரருவிக்குப் பக்கத்தில் வரிசையாகப் பாறைகள். ஒரு பாறைக்கு ஓர் ஆள் என்று எண்ணெய் தேய்ப்பவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பெரியவர் சங்கரபாண்டி. கட்டுப்பாடு ஒன்றே ஒன்றுதான், ஆனால் கடுமையானது: தலையில் எண்ணெய் வைத்த மனுஷரிடம் எந்தக் காரியமும் கேட்கக்கூடாது. வேலைக்குச் சிபாரிசு, வழக்குக்கு யோசனை, எதுவும் கூடாது. கேட்டால் பாறை போய்விடும். ஜட்ஜும் தாசில்தாரும் நிம்மதியாகப் படுக்கிற இடம் அது. அவர்கள் வராமல் போனால் எல்லார் பிழைப்பும் போச்சு.

கேட்கத்தானே கூடாது? காதில் விழுவதை யார் தடுக்க முடியும்? சாரல் காலமும் பரீட்சை முடிவு வருகிற காலமும் ஒன்று. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர், ஹெட்மாஸ்டர், காலேஜ் புரொபசர் என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த மாதத்தில் வேறு பேச்சே கிடையாது. உச்சந்தலையில் எண்ணெய் இறங்க இறங்க, யாருக்கு எத்தனை மார்க்கு, யாரைச் சேர்த்தார்கள், யாரைத் தள்ளினார்கள் என்று பக்கத்துப் பாறையில் படுத்திருப்பவரிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஆவுடையப்பனுக்குக் காது கூர்மை, ஞாபகம் அதைவிடக் கூர்மை. பதினைந்து வருஷம் முதுகு பிடித்ததில் காலேஜ் விதி முழுக்க மனப்பாடம்.

“இங்கிலீஷ்ல எத்தன மார்க்கு?” என்று கேட்பார்.

“முப்பத்தஞ்சு.”

“கணக்குல?”

“அம்பத்திரண்டு.”

வானத்தை அண்ணாந்து பார்ப்பார். “சேராதுவே. இங்கிலீஷ் இடிக்குது. திரும்ப எழுதச் சொல்லும்.” அல்லது, “சேரும், பெட்டியக் கட்டச் சொல்லும்.”

பெரும்பாலும் அப்படியே நடந்தது. நடக்க நடக்க ஊர் நம்பியது. ‘யூனிவர்சிட்டி’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். கேலிதான், ஆனால் அவருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இருக்காதா பின்னே?

இருபத்தொன்பதாம் வருஷ சீசனில் ஒருவர் அவர் பாறையில் வந்து படுத்தார். தொந்தியும் தோரணையுமான ஆள். பேசினால் அருவியே கொஞ்சம் தள்ளிப்போய் விழும். அவர் பக்கத்துப் பாறைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “செங்கோட்டைப் பொண்ணுங்க சர்டிபிகேட்டை மெட்ராஸ் யூனிவர்சிட்டி ஏத்துக்கிடாது ஓய். அல்ஜீப்ரா கிடையாது, ஜியாமெட்ரி கிடையாது; கணக்குன்னு சொல்லிப் பால் கணக்கும் புளிக் கணக்கும் சொல்லிக் குடுக்கான். இங்கிலீஷுக்குத் துரைசாணி ஒருத்தி தனியாப் பரீட்சை வச்சுக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கா. யூனிவர்சிட்டிப் பெரிய சபை, செனட்டுல பேசியாச்சு. சேராதுன்னா சேராது.”

செங்கோட்டை நாலு மைல்தான். ஆனால் அது திருவிதாங்கூர் ராஜாவின் சீமை. பாடம் வேறு, பரீட்சை வேறு. அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் இருந்தது. தென்காசிப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் சிலர் உறவுக்காரர் வீட்டில் தங்கி அங்கே படித்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் பெரிய கணக்குக்குப் பதிலாக வீட்டுக்கணக்கு எடுத்துக்கொள்ளலாம், இங்கிலீஷுக்குத் தனிச் சர்டிபிகேட்டு. ஆவுடையப்பன் அன்று கேட்டதை அப்படியே மனத்தில் முடிந்துகொண்டார். செனட்டில் பேசியாகிவிட்டது என்று சொன்ன பிறகு அப்பீல் ஏது? அந்தத் தொந்திக்காரருக்குச் ‘செனட் ஐயா’ என்று தனக்குள் பேரும் வைத்தார். செனட் ஐயா வருஷாவருஷம் வந்தார். அதே பாறை, அதே கை.

முப்பத்துமூன்றில் தென்காசி எண்ணெய்க் கடை சிவசைலம் தன் மகள் மங்களேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆவுடையப்பன் எண்ணெய் வாங்குவது அவர் கடையில்தான். அந்தப் பெண் செங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தவள். இரண்டு சர்டிபிகேட்டையும் கசங்காமல் பிடித்துக்கொண்டு தகப்பனுக்குப் பின்னால் நின்றாள்.

“சேராது அண்ணாச்சி. செனட்டுலயே சொல்லிட்டாவ” என்றார் ஆவுடையப்பன்.

“யாரு சொன்னா?” என்று கேட்டாள் மங்களேஸ்வரி.

“பெரிய இடத்துல சொன்னாவ தாயி.”

சிவசைலம் முகத்தில் அப்பாடா என்று ஒரு களை வந்தது. மாப்பிள்ளை தயாராக இருந்தார். பெண்தான் படிக்க வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறாள். யூனிவர்சிட்டியே வேண்டாமென்று சொன்ன பிறகு அவள் என்ன செய்வாள்? ஆவணியில் கல்யாணம். ஆவுடையப்பனும் போனார். பந்தியில் பாயசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். அதற்குப் பிறகும் செங்கோட்டையில் படித்த ஏழெட்டுப் பெண்களுக்கு அவர் அதே பதிலைச் சொன்னார்.

இப்போது கேளுங்கள் அவர் செய்த வேலையை. தன் ஒரே மகள் குருவம்மாளையும் அதே செங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்திருந்தார். பேச்சித்தாயின் அண்ணன் வீடு அங்கே இருந்தது, சோற்றுக்குக் கவலையில்லை. காலேஜ் என்கிற நினைப்பே அப்போது யாருக்கும் இல்லை. நாலெழுத்துப் படித்தால் போதும், அத்தோடு மாமன் மகனுக்குக் கட்டிவைத்துவிடலாம் என்று கணக்கு. முப்பத்தெட்டாம் வருஷம் ஆனியில் அவள் இரண்டு சர்டிபிகேட்டோடு வந்து நின்றாள்.

“அப்பா, நான் பாளையங்கோட்டைக்குப் போயி காலேஜ்ல படிக்கப் போறேன். ஆடி பொறக்கதுக்குள்ள யூனிவர்சிட்டிக்கு எழுதணுமாம்.”

பேச்சித்தாய் முந்திக்கொண்டாள். “ஊருக்கே சொன்ன வாயி நமக்கு மட்டும் பொய்யா சொல்லும்? செங்கோட்டைப் படிப்பு சேராதுன்னு உங்கப்பாதான ஊரெல்லாம் சொல்லுதாவ. பேசாம எங்கண்ணன் மகனக் கட்டிக்கிட்டு இரு.”

குருவம்மாள் தகப்பனைப் பார்த்தாள். “யாருப்பா அப்படிச் சொன்னா?”

“செனட் ஐயாதான்.”

“அவரு பேரு என்ன?”

ஆவுடையப்பன் விழித்தார்.

“எந்த ஊரு?”

அதற்கும் விழித்தார்.

“சரி, அவரச் சட்டை போட்டுப் பாத்திருக்கியளா?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாள். பார்த்ததில்லைதான். ஒன்பது வருஷமாக அந்த மனுஷரின் முதுகும் தொந்தியும் தெரியும்; இடது தோளில் பழைய முறிவு இருப்பது தெரியும். கோமணம் கட்டி எண்ணெய் பூசிவிட்டால் கலெக்டர் யார், கடைக்காரர் யார்? கேட்டால் பாறை போகும். கேட்காவிட்டால் பெண்ணின் படிப்பு போகும்.

நாலாம் நாள் செனட் ஐயா வந்து படுத்தார். ஆவுடையப்பன் உச்சந்தலையில் எண்ணெய் வைத்தார். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது; வாய் திறக்க நேரமானது.

“ஐயாகிட்ட ஒரு காரியம் கேக்கணும்.”

“என்னப்பா?”

“செங்கோட்டைச் சர்டிபிகேட்டுக்கு ஏதாவது வழி உண்டா ஐயா? நீங்க செனட்டுல இருக்கிய...”

“எதுல இருக்கேன்?”

“செனட்டுல.”

அந்த மனுஷர் சிரித்த சிரிப்பில் தொந்தி குலுங்கி, கிண்ணத்திலிருந்து எண்ணெய் சிந்திவிட்டது. “ஏம்ப்பா, எனக்கு விருதுநகர்ல பருத்திக் கமிஷன் மண்டி. செனட்டு எந்தத் திசையில இருக்குன்னே எனக்குத் தெரியாது!”

“பேசியாச்சுன்னு சொன்னியளே ஐயா, இருபத்தொம்பதுல...”

“இருபத்தொம்பதுலயா? அடப் பாவி மனுசா! எவனோ ரயில்ல சொன்னான், நானும் சொல்லியிருப்பேன். படுத்துக்கிட்டுப் பேசுறதுக்கெல்லாம் கணக்கு வச்சுக்கிட்டா இருப்பாங்க? தோளை நல்லா அமுக்கு.”

ஆவுடையப்பன் தோளை அமுக்கினார். பாதியில் விடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. கால் வரைக்கும் பிடித்து முடித்து, அந்த மனுஷரை அருவிக்குள் அனுப்பிவிட்டு, நேரே போய் வரிசையின் நடுவில் நின்றார். தொண்டை கிழியக் கத்தினார்.

“ஐயாமாரே! உங்கள்ல யாராவது யூனிவர்சிட்டிக்காரவுக உண்டா?”

வரிசையாகப் படுத்திருந்த தலைகள் நிமிர்ந்தன. ஒரு ஜட்ஜ் துண்டைத் தேடினார்.

“ஏலே ஆவுடையப்பா! கிறுக்கு புடிச்சிட்டா உனக்கு?” என்று சங்கரபாண்டி பாய்ந்து வந்தார்.

“ஆமா, கிறுக்குதான். எம் மவளுக்காகக் கேக்கேன்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் கத்தினார். இனி ஒரு தடவை கேட்டாலும் பத்துத் தடவை கேட்டாலும் பாறை போனது போனதுதானே.

வரிசையின் கடைசியில், யாரையும் வைத்துக்கொள்ளாமல் தானே முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஒடிசலான மனுஷர் கையைத் தூக்கினார். கோயில் மடப்பள்ளிப் பரிசாரகர் என்றால் நம்பிவிடலாம். “நான் யூனிவர்சிட்டி ஆபீஸ்லதான் இருக்கேன். என்ன வேணும்?”

ஆவுடையப்பன் பட்டுத் திருந்திய மனுஷர். கையைக் கூப்பிக்கொண்டு, “ஐயா கோவிச்சுக்கிடப்படாது. சட்டை போட்டுட்டுச் சொல்லுவியளா?” என்றார்.

அந்த மனுஷர் மனசில் அழுக்கில்லாத ஆள், வாய்விட்டுச் சிரித்தார். தங்கியிருந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், சட்டை போட்டு, கோட்டும் போட்டு, யூனிவர்சிட்டி முத்திரை குத்திய காகித உறை ஒன்றையும் எடுத்துக் காட்டினார். சாயங்காலம் குருவம்மாள் வந்தாள். அவர் இரண்டு சர்டிபிகேட்டையும் முன்னும் பின்னும் திருப்பிப் படித்தார்.

“சேரும் சேராதுன்னு ஒரே வார்த்தையில சொல்றதுக்கு இது ஜோசியம் இல்லைம்மா. இந்தக் கணக்கும் இந்த இங்கிலீஷும் எங்க பரீட்சைக்குச் சமானமான்னு பாக்கணும். என்ன பாடம், எத்தனை வருஷம், யார் பரீட்சை வச்சாங்க, எல்லாம் பாப்பாங்க. பள்ளிக்கூடத்துப் பாடத்திட்டத்தையும் வாங்கி மனுவோட அனுப்பு. பிற சமஸ்தானத்துலேருந்து வர்ற மனு எத்தனையோ நாங்க பாக்கிறோம், முக்கால்வாசிக்குச் சமானம் குடுத்திருக்கோம்.” பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “உங்க பக்கத்துலேருந்து மட்டும்தான் இத்தனை வருஷமா ஒரு மனுவும் வரலை. ஏன்னு தெரியலை” என்றார்.

ஏன் என்று ஆவுடையப்பனுக்குத் தெரியும். அந்த அறையில் அவருக்கு மட்டும்தான் தெரியும். குருவம்மாள் விலாசத்தை எழுதிக்கொண்டிருந்தாள். அவர் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மங்களேஸ்வரி கல்யாணத்தில் பாயசம் குடித்த வாய் கசந்தது.

மறுநாள் அவர் பாறையில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். சங்கரபாண்டி முகம் கொடுத்துப் பேசவில்லை. கிண்ணத்தைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு வயலுக்குத் திரும்பினார். “யூனிவர்சிட்டி நாத்து நட வந்துட்டு” என்று பேச்சித்தாய் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். ஆனாலும் அன்று அவருக்குப் பிடித்த கூழ்வற்றலைப் பொரித்துப் போட்டாள்.

மனு போனது. பதில் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் ஆவுடையப்பன் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். ‘சமானம்’ என்று வரவேண்டுமே என்று குற்றாலநாதருக்கு நேர்ந்துகொண்டார். ஆனால் மனத்தின் ஒரு மூலை, பெற்ற மனம்தான், ‘இல்லை’ என்று வந்தாலும் நல்லதுதானே என்று முனகியது. ‘இல்லை’ என்று வந்தால் மங்களேஸ்வரிக்குச் சொன்னது சரியாகிவிடும். மற்றப் பெண்களுக்குச் சொன்னதும் சரியாகிவிடும். சொந்த மகளின் படிப்பு கெட்டால் தன் பாவம் கழியும் என்று நினைக்கிற தகப்பனும் உண்டா? சேற்றில் நின்றபடி தன் தலையில் தானே குட்டிக்கொண்டார்.

காகிதம் ஆடி நடுவில் வந்தது. குருவம்மாள் இங்கிலீஷில் ஒரு தடவை படித்தாள், பிறகு தமிழில் சொன்னாள். இங்கிலீஷ் சர்டிபிகேட்டுக்குச் சமானம் உண்டு. கணக்குக்கும் உண்டு, ஆனால் சரித்திரம் முதலான பாடங்கள் எடுத்தால் மட்டும். சயின்ஸ் எடுக்க முடியாது. பாளையங்கோட்டையில் பத்து நாளைக்குள் சேரலாம்.

“சயின்ஸ் கெடையாதாம்” என்று முகத்தைச் சுளித்தாள். அடுத்த நிமிஷம் காகிதத்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆவுடையப்பன் ஓவென்று அழுதார். சந்தோஷம்தான். சந்தோஷம் மட்டும்தான் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது.

மகளைக் காலேஜில் விட்டுவிட்டு வந்த மறுநாள் தென்காசிக்கு நடந்தார். மங்களேஸ்வரியின் வீடு காசி விசுவநாதர் கோயிலுக்குப் பின்புறத் தெருவில் இருந்தது. அவள் மடியில் கைக்குழந்தை. மூத்தது புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. “வாங்க அண்ணாச்சி” என்றாள். அவர் உள்ளே போகவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பருத்தி மண்டிக்காரரைச் சொன்னார், மனுவைச் சொன்னார், குருவம்மாளுக்கு இடம் கிடைத்ததைச் சொன்னார். “உனக்கும் கெடச்சிருக்கும் தாயி. நான்தான் கெடுத்தேன்” என்றார்.

ஏசுவாள் என்றுதான் வந்திருந்தார். ஏசினால் தேவலை என்றும் இருந்தது. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அடுப்பங்கரைப் பக்கம் ஏதோ தகரப்பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. போய்விடலாமா, நிற்கலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. மூத்த குழந்தை அவரை ஏற இறங்கப் பார்த்தது.

மங்களேஸ்வரி திரும்பி வந்தபோது கையில் இரண்டு சர்டிபிகேட்டும் இருந்தன. மடிப்பில் கொஞ்சம் பழுத்திருந்தன.

“அஞ்சு வருசம் ஆயிட்டு. இப்பவும் செல்லுமா அண்ணாச்சி?”

பழக்கதோஷம்; அவர் தலை தானாக அண்ணாந்தது, ‘சேரும்’ என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. கடித்து விழுங்கினார்.

“எனக்குத் தெரியாது தாயி” என்றார். “நீயே எழுதிக் கேளு. எங்க அனுப்பணும்னு விலாசம் வாங்கி வச்சிருக்கேன்.”

மடியிலிருந்து காகிதத் துண்டை எடுத்துக் கொடுத்தார். அவள் குழந்தையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். புருஷனின் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். பேனாவை எடுத்தவள் ஒரு கணம் நிமிர்ந்தாள்.

“இன்னைக்கு இங்கிலீஷ் தேதி என்ன அண்ணாச்சி?”

அதுவும் அவருக்குத் தெரியவில்லை. “இரு தாயி, கேட்டுட்டு வாறேன்” என்று தெருவில் இறங்கி விறுவிறுவென்று நடந்தார்.